நாலாம் நம்பர் இருந்திருந்தால்

இலங்கை மலையகத்தில் எங்கள் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் பேசினால், சீர் என்ன செனத்தி என்ன என்று கேட்பதற்கு முன்னால், "அப்போ டீம்?" என்று கேட்க ஆள் வந்துவிடும். சிரிக்காதீர்கள். பெண்கள் கூடைப்பந்துப் போட்டியில் சட்டம் அப்படி. எந்தத் தோட்டத்து லயத்தில் ஒருத்தி குடியிருக்கிறாளோ, அந்தத் தோட்டத்துக்குத்தான் அவள் ஆடலாம். கட்டிக்கொடுத்தால் அடுத்த வருசம் எதிரி டீமில் நிற்பாள். பாதிப் பேர் அதற்குப் பிறகு எந்த டீமிலும் நிற்பதில்லை, அடுப்படியில்தான் நிற்கிறார்கள்.

என் பெயர் ஷெரோமி. பிறந்தது அக்கரப்பத்தனைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே. நான் வந்து சேர்ந்த வீடு இருக்கிறதே, அதை வீடு என்று சொல்ல முடியாது, தேர்வுக் குழு என்றுதான் சொல்ல வேண்டும். மாமனார் மரியரட்ணம் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்ந்தவர். கொழுந்தன் ஜூட்சன் த்ரீவீல் ஓட்டுகிறவன். பக்கத்துக் காம்பரா வீட்டில் ஆண்டியப்பன், எதைச் சொன்னாலும் எதிர்ப்பேச்சுப் பேசுகிற மனுசன். அந்தியானால் மூன்று பேரும் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் கூடிவிடுவார்கள். நான் உள்ளே ரொட்டி சுட்டபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தேத்தண்ணிக்கு மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள்.

"பதினொண்ணுக்கு மாப்ள பாக்குறாங்களாம்," என்று ஒரு நாள் ஜூட்சன் குண்டைத் தூக்கிப் போட்டான். பதினொன்று என்றால் டெல்சி. எங்கள் டீமின் உயிரே அவள்தான்.

"ஃபைனல் முடியட்டும்னு சொல்லுங்கடா," என்று பதறினார் மாமா.

"அது என்னா உங்க வீட்டுப் புள்ளயா, நீங்க சொல்ற வரைக்கும் நிப்பாட்டி வைக்க?" இது ஆண்டியப்பன்.

"அதுக்கில்ல. உள்ளூர்லயே ஒரு பையனைப் பாத்தா என்னாங்குறேன். ரெண்டாம் லயத்து நிரோஷன் இருக்கான்ல."

"அவன் குடிக்கிறான்ப்பா."

"குடிச்சா என்னாடா? உள்ளூர்க்காரன்ல!"

எனக்கு ரொட்டிக் கரண்டியோடு வெளியே வந்து நாலு கேள்வி கேட்கலாம் போல இருக்கும். ஆனால் வரமாட்டேன். ஏனென்றால், இந்தப் பேச்சு எப்படிச் சுற்றி எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியில் மாமா பெருமூச்சு விட்டு அந்த ஒரு பெயரை எடுப்பார். பெயர்கூட இல்லை, நம்பர்.

"அந்த நாலாம் நம்பர் மட்டும் நமக்குக் கெடச்சிருந்தா..."

மூன்று வருசத்துக்கு முந்தி ஹட்டனில் நடந்த செமி ஃபைனலில் அக்கரப்பத்தனை டீம் இவர்களை அடித்து நொறுக்கியது. அதில் நாலாம் நம்பர் போட்டு ஆடிய ஒரு பெண்ணைத்தான் சொல்கிறார். கிராப் முடி, ஒல்லிக்குச்சி உடம்பு. "போல் அது கைக்கு வந்தா ஒட்டிக்கும்ப்பா," என்பார் மாமா. பந்தைப் போல் என்றுதான் சொல்வோம் நாங்கள். "மூணு பேரு சுத்தி நின்னாலும் நடுவுல பூந்து போயிரும். பாக்குறது ஒரு பக்கம், பாஸ் போறது இன்னொரு பக்கம்." எதிர்ப்பேச்சு ஆண்டியப்பன்கூட இதில் மட்டும் எதிர்த்துப் பேச மாட்டார். "அது ஆட்டம்ங்க," என்று தலையை ஆட்டுவார்.

அந்த நாலாம் நம்பர் நான்தான்.

அப்போது டைபாய்ட் காய்ச்சல் வந்து மொட்டையடித்து, முடி முளைத்துக்கொண்டிருந்த நேரம். எங்களுக்குப் பழக்கிய மாஸ்டர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், நம்பர்தான். அதனால் என் பெயர் யாருக்கும் தெரியாது. இன்றைக்கு என்னைப் பார்த்தால் அடையாளமும் தெரியாது. முதுகு வரைக்கும் முடி, பிள்ளை பெற்ற உடம்பு, தோளில் துவாய்.

இதில் பெரிய கூத்து என்னவென்றால், மாமா என்னைத் தேடி ஆளே அனுப்பியிருக்கிறார். மூத்த மகன் றொக்சனுக்கு நாலாம் நம்பரைக் கட்டிவைத்து, டீமையும் குடும்பத்தையும் ஒரே கல்லில் முடிக்கப் பார்த்திருக்கிறார். தரகர் எங்கள் லயத்துக்கு வந்து, "இங்க நாலாம் நம்பர்ல ஆடுன புள்ள எந்த வீடு?" என்று கேட்டது என் அம்மாவிடம்தான். அம்மா பயந்துபோனாள். கால் தெரிய ஆடுகிற பெண்ணை எவன் கட்டுவான் என்று ஏற்கெனவே அவளுக்கு நெஞ்சில் நெருப்பு. ஏதோ புகார் சொல்லத்தான் ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து, "அந்தப் புள்ள குவைத்துக்குப் போயிருச்சுங்க," என்று சொல்லிவிட்டாள். தரகர் வெறுங்கையோடு போக மனசில்லாமல், "வேற நல்ல புள்ள ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். அம்மா உள்ளே திரும்பி என்னைக் கூப்பிட்டாள். "எங்க புள்ள இருக்கு. அமைதியானது. நல்லாத் தைக்கும்."

இப்படித்தான் நாலாம் நம்பர் கிடைக்காமல் அதற்குப் பதிலாக நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன்.

சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஆட்டத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று அம்மா தன் தலையில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். வந்த கையோடு வயிற்றில் பிள்ளை. பிறகு அது பிறந்தது, பால் குடித்தது, காய்ச்சலில் கிடந்தது. இதெல்லாம் உண்மை. ஆனால் முழு உண்மை அதில்லை. அவர்கள் என்னைப் பற்றிப் பேசுவதைக் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. நாள் முழுக்க மலையில் கொழுந்தெடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற புள்ளக்காம்பராவில் விட்ட பாப்பாவைத் தூக்கிக்கொண்டு, முதுகு விண்விண் என்று தெறிக்க வீட்டுக்கு வந்தால், சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று ஆம்பிளைகள் என் ஆட்டத்தை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்பார்கள். எந்தப் பொம்பிளைக்குக் கிடைக்கும் இது? கேட்கக் கேட்க இனிக்கும். ஹட்டனுக்கு பஸ்ஸில் போனால் கோர்ட் தெரிகிற பக்கமாகப் பார்த்துத்தான் உட்காருவேன். வெறும் கோர்ட்டில் நாய் படுத்திருந்தாலும் பார்ப்பேன். அந்த நாய் மேல்கூட எனக்குப் பொறாமை வந்திருக்கிறது.

இந்த வருசம் ஃபைனலுக்கு வந்தது எங்கள் தோட்டமும் என் பிறந்த தோட்டமும். மூன்று மெச். முதலாவது இங்கே நடந்தது, தோற்றோம். இரண்டாவது அங்கே. பாப்பாவுக்குச் சளி என்று மாமியார் மார்கிரட் என்னைப் போக விடவில்லை. ஜூட்சன் ஃபோனில் நேரடியாகக் காட்டினான். படம் விட்டு விட்டு வந்தது, சத்தம் மட்டும் தெளிவாகக் கேட்டது. "இங்க குடு, இங்க குடு!" என்று ஒரு குரல். ஜீவராணி. எனக்கு வலது பக்கம் ஆடியவள். அந்தக் குரலைக் கேட்டதும் என்னையறியாமல் என் கை உயர்ந்துவிட்டது. பாப்பா மடியில் இருந்து சரியப் பார்த்தாள். மாமி, "என்னா புள்ள, தூங்கி வழியிற?" என்று திட்டினார்.

அந்த மெச்சை டெல்சி ஒருத்தியே ஜெயித்துக் கொடுத்தாள். மூன்றாவது ஹட்டனில். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மெச் தள்ளிப் போனது. அங்கேதான் வந்தது வினை. தவக்காலத்தில் எங்கள் வேதக் கோவிலில் கல்யாணம் எழுத மாட்டார்கள். டெல்சிக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை வீட்டார் உயிர்ப்பு ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியாது என்றார்கள். தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முன்னாலேயே தாலி கட்டிக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மெச்சோ தவக்காலத்து முதல் ஞாயிறு. கல்யாண வீட்டில் மாமா சாப்பிட உட்காராமல் எழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி நின்றார்.

அன்றைக்கு அந்தி, இஸ்தோப்பில் ஒரே புலம்பல்.

"சரியா அஞ்சு பேருதான் மிச்சம். ஒண்ணு ஃபவுல்ல வெளிய போச்சுன்னா முடிஞ்சுது," என்றான் ஜூட்சன்.

"ஸ்கூல் புள்ளைங்கள்ல யாரையாச்சும் எறக்குவோம்."

"அதுக போலைக் கண்டாலே கண்ணை மூடிக்கும்ங்க," என்றார் ஆண்டியப்பன்.

மாமா வானத்தைப் பார்த்தார். "ஆண்டவரே, அந்த நாலாம் நம்பர் எங்க இருக்கோ. குவைத்துல எவன் வீட்டுத் தரையத் தொடைக்குதோ. அதை மட்டும் எம் மகனுக்குக் கட்டி வச்சிருந்தா இன்னைக்கு எனக்கு இந்த நெலமை வருமா?"

எனக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. தோசைக்கல்லில் ரொட்டி கருகக் கருக வெளியே வந்து நின்றேன்.

"கட்டித்தான் வச்சிருக்கீங்க மாமா. நான்தான் அந்த நாலாம் நம்பர்."

ஜூட்சன் சிரிக்க ஆரம்பித்தான். "அண்ணி, உங்களுக்குத் தண்ணிக் கொடத்தைத் தூக்குனாலே மூச்சு வாங்குது."

ஆண்டியப்பனும் சிரித்தார். மாமா சிரிக்கவில்லை, பாவம் என்பது போல என்னைப் பார்த்தார். அது சிரிப்பைவிட மோசம். அந்த நேரத்தில்தான் ஹட்டனில் ஹார்ட்வெயார் கடை வேலை முடிந்து என் வீட்டுக்காரர் றொக்சன் படி ஏறி வந்தார். செருப்பைக் கழற்றிக்கொண்டே, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரிச் சொன்னார்.

"ஆமாப்பா. அவதான்."

மாமா எழுந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், கையைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது. "அடி பாவி மகளே," என்றார். "ரெண்டு வருசமா எனக்குத் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தியே."

மறுநாள் காலை பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்தப்பவே. தேத்தண்ணித் தட்டைக் கொண்டாந்து வச்சியே, ஒரு சொட்டு அலம்பல. அந்தக் கை எனக்குத் தெரியும். அந்த செமி ஃபைனல்ல நான் கோட்டுக்குப் பக்கத்துலதான் நின்னேன்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

வாளி நிரம்பி வழிந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா, அப்பா டீமுக்குப் பொண்ணெடுத்ததா ஆயிரும். நான் எனக்குத்தான் எடுத்தேன்."

உருகுவதா, வாளியால் ஒரு போடு போடுவதா என்று தெரியவில்லை. "உங்களுக்கு எடுத்துக்கிட்டீங்க, சரி. எனக்கு என்னாங்க மிச்சம் வச்சீங்க?" என்று கேட்டேன். இரண்டு வாளியையும் அவரே தூக்கிக்கொண்டு நடந்தார்.

மாமி ஒரு பாட்டம் சத்தம் போட்டார். பால் குடிக்கிற பிள்ளை இருக்கிறது, பிறந்த வீட்டை எதிர்த்து யாராவது ஆடுவார்களா, காற்சட்டை போட்டால் ஊர் என்ன பேசும். கடைசியில், நீளக் காற்சட்டை போடுவதானால் பிள்ளையை வைத்துக்கொள்கிறேன் என்று இறங்கி வந்தார். பிறந்த வீட்டைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எனக்குப் போல் வேண்டும். அவ்வளவுதான். எந்தப் பக்கம் நின்றால் என்ன?

பழகப் போன முதல் நாள், போலைக் கையில் வாங்கி மூக்கில் வைத்து முகர்ந்தேன். ரப்பரும் தூசியும் கலந்த அந்த வாசம். அழுகை வந்துவிட்டது. டீம் பிள்ளைகள் ஒதுங்கி நின்று மரியாதையாகப் பார்த்தார்கள். பிறகு ஆட ஆரம்பித்தோம்.

மனசு எல்லாவற்றையும் வைத்திருந்தது. யார் எங்கே ஓடுவார்கள், போல் எங்கே விழும் என்று ஒரு நொடி முந்தியே தெரிந்தது. ஆனால் அங்கே போய்ச் சேர்வதற்குள் அந்த நொடி தீர்ந்துவிடும். குதித்தால் முழங்கால் இடித்தது. மூன்று முறை ஓடினால் மார்பில் பால் கட்டி வலித்தது. மாமா தினமும் கரையில் உட்கார்ந்து பார்த்தார். முதல் நாள் கைதட்டினார். இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு வரும்போதே தலையைக் குனிந்துகொண்டு வந்தார். நான் அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மெச்சில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன்.

ஞாயிறு ஹட்டனில் வெயில். நான் கோர்ட்டுக்குள் கால் வைத்ததும் எதிர்ப் பக்கத்தில் இருந்து, "நாலு! நாலு!" என்று ஒரே கத்தல். ஜீவராணி ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "குவைத்துல இருந்து எப்படி வந்த? தரகர்கிட்ட உங்கம்மா அடிச்ச கதையை ஊரே சொல்லிச் சிரிக்குது." இரண்டு பேரும் சிரித்தோம். ரெப்ரி விசில் அடித்துப் பிரித்துவிட வேண்டியதாயிற்று.

முதல் பாதியில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் எட்டாம் நம்பர் ஃபவுலில் வெளியே போனதும் இறக்கினார்கள். எங்கள் பக்கத்துச் சனம் எழுந்து நின்று கத்தியது. என் வீட்டுக்காரர் பாப்பாவைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். என்னை மறிக்க வந்தவள் ஜீவராணி.

கையில் போல் வந்தது. இடது பக்கம் பார்த்து வலது பக்கம் புகுந்தேன், பழையபடி. ஜீவராணி அங்கேயே நின்றாள். என் கையில் இருந்து போலைப் பிள்ளையிடம் மிட்டாய் பிடுங்குகிற மாதிரி எடுத்துக்கொண்டு போனாள். இரண்டாம் முறையும் எடுத்தாள். மூன்றாம் முறை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. அடுத்த முறை நான் கூடைக்குக் கீழே போனபோது, கையை உயர்த்த வேண்டியவள் உயர்த்தாமல் ஒரு எட்டுப் பின்னால் போனாள். நான் போட்டேன், விழுந்தது. எங்கள் சனம் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தது. ஜூட்சன் தொண்டை கிழியக் கத்தினான். எனக்கும் ஜீவராணிக்கும் மட்டும்தான் அது என்ன என்று தெரியும். ஆடியதில் அதுதான் எனக்குப் பொறுக்க முடியாமல் போனது. அடித்துக் கீழே தள்ளியிருக்கலாம் அவள்.

தோற்றோம். நன்றாகவே தோற்றோம்.

வரும் வழியில் பஸ்ஸில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. பிள்ளைக்காரி இவ்வளவு ஆடியதே பெரிசு என்றார்கள். மாமி எனக்கு ஜன்னல் பக்க சீட்டை விட்டுக்கொடுத்தார். வீட்டுக்காரர், "கால் வலிக்குதா?" என்று மட்டும் கேட்டார். வலிக்கிறது என்றேன்.

அடுத்த நாள் அந்தி, வழக்கம் போல மூன்று பேரும் இஸ்தோப்பில். நான் உள்ளே. என்ன பேசப்போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வருசத்துக்கு ஆறு இருக்கு, எட்டு இருக்கு, பத்து இருக்கு," என்றார் மாமா. "ஒம்பது கொழும்புக்கு கார்மண்ட்ஸுக்குப் போகுதாம்."

"ஏழுக்கு நானுஓயாவுல சம்பந்தம் பேசுறாங்க. அதுவும் இருக்காது," என்றான் ஜூட்சன்.

"அப்ப டீம்னு சொல்றதுக்கே ஆளில்லைங்க," என்றார் ஆண்டியப்பன்.

எல்லா நம்பரும் வந்துவிட்டது. என்னைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. தேத்தண்ணித் தட்டோடு வெளியே போனேன்.

"என்னைச் சேக்கலையா?" என்று கேட்டேன்.

ஆண்டியப்பன் கோப்பையை எடுத்து அதற்குள்ளேயே பார்த்தார். மாமா தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். கடைசியில் ஜூட்சன்தான் பேசினான். நல்ல பிள்ளை அவன், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளத் தெரியாது.

"கோவிச்சுக்காதீங்க அண்ணி. நீங்க ஒங்களால முடிஞ்சதை ஆடுனீங்க. ஆனா நேத்து மட்டும் அந்த நாலாம் நம்பர் இருந்திருந்தா கப்பு நமக்குத்தான்."

"டேய், அந்த நாலாம் நம்பர் நான்தான்டா."

"தெரியும் அண்ணி," என்றான். "அதைத்தான் சொல்றேன்."

தட்டைக் கீழே வைத்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. இத்தனை நாளும் உள்ளே இருந்து கேட்ட பேச்சில் முதல் தடவையாக நானும் உட்கார்ந்தேன். மாமா நகர்ந்து இடம் விட்டார்.

"ஆமா தம்பி, ஜெயிச்சிருப்போம்," என்றேன். "எனக்கும் அவதான் வேணும்."